முன்வெட்டு கிட்டா, ரோலா, கடையா? புளியரை ஏறும் காருக்கு பி.பி.எஃப்.

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு அடிக்கடி போய்வரும் காரின் பானெட்டைச் சாய்வெயிலில் பாருங்கள். ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பழைய புள்ளிகளின் நடுவே துரு பழுப்பாகத் தொடங்கியிருக்கும். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி மலையாளக் கரைக்குப் போகிற டிப்பர்களின் பின்னால் எஸ் வளைவில் ஊர்ந்து ஏறும்போது தெறிக்கிற பொடிக்கல் செய்த வேலை அது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் மழை. கல் பட்டுத் தோல் உரிந்த இடத்தில் ஈரம் நின்றால் துரு வேகமாகப் பரவும். அதனால்தான் இந்தத் தடத்தில் ஓடும் வண்டிக்கு பி.பி.எஃப். (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்), அதாவது பெயிண்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் ஒளிபுகும் ஃபிலிம் பற்றிப் பேசுகிறோம்.

செராமிக் கோட்டிங் போதாதா என்றால், கல்லுக்குப் போதாது. கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். செராமிக் அதன் மேல் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் நிற்காது, கழுவ லேசாக இருக்கும், அவ்வளவே. பி.பி.எஃப். 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள மெத்தென்ற தோல். கல்லின் அடியை அது வாங்கிக்கொள்ளும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபிலிமை ஒட்டிவிட்டு அதன் மேல் செராமிக் போடுங்கள். செராமிக் மேல் ஃபிலிம் ஒட்டினால் ஓரங்கள் பிடிக்காது.

அடுத்தது, எந்த ஃபிலிம் என்பது. சந்தையில் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: டி.பி.யூ. (பாலியூரித்தேன் வகை பிளாஸ்டிக்), டி.பி.எச்., பி.வி.சி. "அண்ணாச்சி, எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னுதானே இருக்கு, விலை மட்டும் ஏன் இப்படி?" என்று கடைகளில் கேட்பதுண்டு. முதல் ஆறு மாதம் ஒரே மாதிரிதான் இருக்கும். டி.பி.எச். என்று விற்கப்படுவது பெரும்பாலும் மென்மைப்படுத்தும் எண்ணெய் கூடுதலாகச் சேர்த்த பி.வி.சி. வகைதான். வெயிலில் அந்த எண்ணெய் வெளியேற வெளியேற ஃபிலிம் விறைக்கும், சுருங்கும், வெள்ளைக் காரில் மஞ்சளடிக்கும். கழற்றும்போது ஒரே தோலாக வராமல் துண்டு துண்டாக உடையும், பசை பெயிண்டிலேயே தங்கும். டி.பி.யூ. அப்படியில்லை. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். துணியால் விழும் மெல்லிய கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ தானே மறையும்.

வாங்கும் முன் ஒரு விரல் அகலத் துண்டு கேளுங்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. செம்புக் கம்பியின் முனையைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஃபிலிமில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. குடும்பம். டி.பி.யூ. பச்சை காட்டாது. புகை கெட்டது, திறந்த வெளியில் செய்யுங்கள். நம்மூர் வெயிலுக்கு டி.பி.யூ. தவிர மற்றதில் காசு போடாதீர்கள். பணம் காணாது என்றால் டி.பி.யூ.விலேயே பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாதி காருக்கு நல்ல ஃபிலிம், முழுக் காருக்கு மட்டமான ஃபிலிமைவிட எவ்வளவோ மேல்.

இனி யார் ஒட்டுவது, எப்படி வெட்டியதை ஒட்டுவது என்பது.

முன்வெட்டு கிட் என்பது காரின் மாடலுக்கு ஏற்ப மெஷினில் வெட்டி வருவது. பெயிண்ட் மேல் பிளேடு படவே படாது என்பதுதான் இதன் பெரிய பலம். புதிதாக ஒட்டுபவர் செய்கிற மோசமான தவறு ஃபிலிமைப் பாழாக்குவதல்ல, ஃபிலிமோடு சேர்த்து பெயிண்ட்டின் மேலடுக்கான கிளியர் கோட்டையும் அறுத்துவிடுவது. அந்த மயிர்க்கோடு அன்று தெரியாது. இரண்டு மழைக்காலம் கழித்துத் துருவாக எட்டிப்பார்க்கும். குறை என்னவென்றால், ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே வெட்டியிருப்பார்கள். அந்த இடைவெளியில் தூசி சேர்ந்து கறுப்புக் கோடு விழும். வெள்ளைக் காரில் நன்றாகவே தெரியும். இன்னொன்று, மாடல் ஒன்றே ஆனாலும் ஃபேஸ்லிஃப்ட்டுக்கு (கம்பெனி இடையில் தோற்றத்தை மாற்றுவது) முன், பின் என்று வடிவம் மாறும். வருடம், வேரியன்ட், பார்க்கிங் சென்சார் உண்டா என்று சொல்லாமல் ஆர்டர் செய்தால் ஓட்டை ஓரிடம், சென்சார் வேறிடம் என்று வந்து நிற்கும். ஒட்டும்போது ஒரு பக்கம் இழுத்துவிட்டாலும் அதே கதி. இழுத்த அளவுக்கு மறுபக்கம் ஓரம் தாண்டிவிடும்.

ரோலில் அந்தப் பிடிவாதம் இல்லை. 1.52 மீட்டர் அகலத்தில் வருகிறது, வேண்டிய நீளம் வெட்டித் தருகிற கடைகளும் உண்டு. ஹேட்ச்பேக்குக்கு 2.5 மீட்டர் வாங்கினால், பானெட்டுக்கு 1.1 மீட்டர், நான்கு கதவுகளின் அடிப்பகுதிக்கு 20 செ.மீ. பட்டைகள் நான்கு, டிக்கியில் சாமான் ஏற்றும்போது உரசுகிற பின்பம்பர் மேல்விளிம்புக்கு 15 செ.மீ. போக, 45 செ.மீ. மிஞ்சும். மிரர், கதவுக் கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு, பின்சக்கர வளைவின் முன்பகுதி எல்லாம் அதில் அடங்கும். ஒன்றிரண்டு கெட்டுப்போனாலும் சமாளிக்கலாம். பானெட் விளிம்பைச் சுற்றி 5 மி.மீ. உள்ளே மடித்து ஒட்ட முடிவதால் கோடே தெரியாது. இதற்கெல்லாம் ரோலில் இருக்கிற ஒரே ஆபத்து பிளேடுதான். 30 டிகிரி முனையுள்ள பிளேடு, ஒரு கட்டம் மட்டும் வெளியே, ஒவ்வொரு பட்டைக்கும் புது முனை. முடிந்தவரை பெயிண்ட் மேல் வெட்டாமல், பானெட்டைத் திறந்து விளிம்புக்கு வெளியே தொங்கும் ஃபிலிமை மட்டும் வெட்டுங்கள். கதவுப் பட்டைகளை மேசையில் பழைய செய்தித்தாள் அச்சு வைத்து வெட்டி, மூலைகளை உருண்டையாக்கிவிட்டு ஒட்டினால் காரில் பிளேடுக்கு வேலையே இல்லை. கூர்மூலைதான் முதலில் கிளம்பும்.

நம் தீர்ப்பு: தட்டையான கதவு அடி, கைப்பிடிக் குழி, பின் விளிம்பு எல்லாம் ரோல். பானெட் முதல் தடவை என்றால் முன்வெட்டு, கை பழகியவர் என்றால் ரோல். முன்பம்பர் கடைக்கு.

பம்பரைக் கடைக்கு விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளைகிற பரப்பு அது. ஃபாக் லேம்ப் குழியில் ஃபிலிமைச் சூடாக்கி இழுத்து உட்கார வைக்க வேண்டும். அதிகம் இழுத்தால் பசையில் கோடு விழும், குறைவாக இழுத்தால் சுருக்கம். இழுத்துப் பிடித்த இடம் இரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், மூலை கிளம்பும். முழு உடலுக்குக் கடையில் போட்டால் செலவு லட்சத்தைத் தொடும். பம்பர் மட்டும் என்று பேனல் கணக்கில் கேளுங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், கொல்லம், எங்கே போனாலும் இரண்டு கேள்வி: காரின் மேல் வைத்து வெட்டுவீர்களா, மெஷினில் வெட்டுவீர்களா? வாரன்டி அட்டையில் ரோல் எண் எழுதித் தருவீர்களா? சொந்தமாக ஒட்டினால் பெரும்பாலும் வாரன்டி கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ரீபெயிண்ட் செய்த பேனல் என்றால் குறைந்தது 30 நாள் பொறுங்கள். பட்டறையில் அவசரத்தில் அடித்த பெயிண்ட் என்றால் பிறகு ஃபிலிமைக் கழற்றும்போது பெயிண்ட்டும் கூடவே வரலாம்.

ஒட்டும் வேலையில் பாதி தண்ணீர்தான். ஸ்ப்ரே பாட்டில் இரண்டு. ஒன்றில் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 8 சொட்டு பேபி ஷாம்பு, இது வழுக்க. இன்னொன்றில் ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், மூன்று பங்கு தண்ணீர், இது பிடிக்க. போர் தண்ணீர் வேண்டாம், உப்பு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும். கேன் தண்ணீர் நல்லது. பேனலைக் கழுவி, தார் நீக்கி, களிமண் கட்டி (ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார்) போட்டுத் தேய்த்து, கடைசியில் ஆல்கஹால் கலவையால் துடையுங்கள். உள்ளங்கையை விளிம்பில் ஓட்டினால் சொரசொரப்பு தட்டக்கூடாது.

பானெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பேனலையும் நான்கு கைகளையும் ஷாம்பு தண்ணீரில் நனைத்துவிட்டு, பின்தாளை உரிக்க உரிக்கப் பசைப் பக்கத்திலும் அடித்துக்கொண்டே போங்கள். காய்ந்த விரல் பசையில் பட்டால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். விரித்துப் போட்டதும் ஃபிலிம் பனிக்கட்டி போல வழுக்கும், இடம் சரிசெய்ய அதுவே நேரம். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு அடியில் பிடிப்புக் கலவை அடித்து ஸ்குவீஜியால் (தண்ணீரை வழிக்கும் தட்டை) தள்ளி நிறுத்துங்கள். அங்கிருந்து வெளிப்புறமாக, 45 டிகிரி சாய்த்து, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதைப் பாதி மூடும்படி. ஃபிலிம் மேலும் ஈரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்குவீஜி கீறும். அடியில் தூசி தெரிந்தால் அமுக்காதீர்கள். பக்கத்து ஓரத்திலிருந்து தூக்கி, ஷாம்பு தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு மறுபடி தள்ளுங்கள். விளிம்பு மடிப்பை மட்டும் பிடிப்புக் கலவையால் துடைத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, ஹீட் கன்னை மிதமாகக் காட்டி விரலால் அழுத்துங்கள்.

நேரம் பெரிய விஷயம். சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கு மேல் பானெட்டில் கை வைக்க முடியாது. சூடான தகட்டில் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்தவே முடியாது. அப்போதெல்லாம் காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். சாரல் காலத்தில் வெயில் தொல்லை இல்லை, ஆனால் மேகாத்து தூசியை அள்ளி வரும், அடியிலுள்ள தண்ணீரும் மெதுவாகத்தான் வற்றும். ஷெட்டில், தரையை நனைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

மறுநாள் தெரியும் மங்கலும் தண்ணீர்க் குமிழும் கண்டு பயப்பட வேண்டாம். விரலால் அழுத்தினால் நகர்வது தண்ணீர், ஒன்றிரண்டு வாரத்தில் வற்றும். நகராமல் நிற்பது காற்று, மெல்லிய ஊசியால் ஓரத்தில் குத்தி அழுத்தி வெளியேற்றலாம். ஒரு வாரம் கழுவாதீர்கள். பிறகும் பிரஷர் வாஷை விளிம்புக்கு நேரே காட்டாதீர்கள். முதல் இரண்டு நாளில் மூலை கிளம்பினால் பிடிப்புக் கலவையும் ஹேர் டிரையரும் போதும். அதற்குள் மண் புகுந்துவிட்டால் மறுபடி ஒட்டாது. மண் பட்ட அளவைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வளைவாக நறுக்கிவிடுங்கள், மீதி நிற்கும்.