லாரன்ஸ்வில் ட்ரிபிள் ஏ கிரவுண்ட்: புல்மேட்டு டிக்கெட் வாங்குங்க

அட்லாண்டா பக்கம் இருக்கற நம்மாளுங்க பேஸ்பால்னாலே அட்லாண்டா பிரேவ்ஸோட பெரிய கிரவுண்டான ட்ரூயிஸ்ட் பார்க்குக்குத்தான் கிளம்புறாங்க, தப்பில்ல, ஆனா எங்க வீட்டுல 2017லேர்ந்து பேஸ்பால்னா முதல்ல லாரன்ஸ்வில்ல இருக்கற க்வினெட் ஸ்ட்ரைப்பர்ஸ் கிரவுண்ட்தான். அட்லாண்டா பிரேவ்ஸோட ட்ரிபிள் ஏ டீம் ஆடற இடம், அதாவது பேஸ்பாலோட உச்ச லீக்கான மேஜர் லீக்குக்கு முந்தின கடைசி படி. அதுக்குக் கீழ இருக்கற படிங்க எல்லாமே மைனர் லீக். டிராஃபிக் இல்லேன்னா முக்கா மணி நேரத்துல போயிடலாம், டிக்கெட் மேஜர் லீக்க விட ரொம்பவே கம்மி.

முதல் தடவ போனது 2017 ஜூலை கடைசில, அப்ப டீம் பேரே க்வினெட் பிரேவ்ஸ். ஆபீஸ்ல ஒருத்தர் வர முடியலன்னு டிக்கெட் குடுத்தாரு, புல்மேடுன்னு சொன்னதும் யோசிச்சேன், சீட்டே கிடையாது, அவுட்ஃபீல்ட் பக்கம் புல்லுல துணி விரிச்சு உக்காரணும். ஆனா அங்க உக்காந்ததாலதான் அவுட்ஃபீல்ட்ல ஃபீல்டிங் பண்ணிட்டிருந்த ஒரு பையன சரியா பாத்தேன். பேட்ஸ்மேன் அடிக்கறது கண்ணுல தெரியுது, சத்தம் நமக்கு வந்து சேர கொஞ்ச நேரம் ஆகுதுல்ல, அந்தச் சத்தம் வர்றதுக்குள்ள அந்தப் பையன் ரெண்டு எட்டு வச்சு ஓட ஆரம்பிச்சிருந்தான், அதுவும் பந்து எங்க விழப்போகுதோ அதே திசைல. பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட யாருன்னு கேட்டேன், ரொனால்ட் அகூன்யா ஜூனியர், வயசு 19ன்னாரு.

வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவனப் பத்தியே படிச்சேன். வெனிசுவேலால லா சபானான்னு கடலோர ஊரு, அப்பாவும் மைனர் லீக்ல ஆடினவரு, மேஜர் லீக் வரைக்கும் போக முடியல. 2014ல 16 வயசுல 1 லட்சம் டாலருக்கு பிரேவ்ஸ் எடுத்தாங்க, இந்த ஆட்டத்துல அது சின்ன தொகைதான். 2016ல ஜார்ஜியாவுல இருக்கற ரோம் ஊரோட மைனர் லீக் டீம்ல ஆடும்போது கட்டைவிரல்ல அடிபட்டு பாதி சீசன் போச்சு, அந்த விட்ட ஆட்டத்த ஈடுகட்ட ஆஸ்திரேலியா போயி மெல்போர்ன் டீமுக்கு ஆடிட்டு வந்தான். அப்புறம் 2017ல நடந்தத நம்பவே முடியாது, ஒரே வருஷத்துல மூணு படி, ஃப்ளோரிடால பேட்டிங் சராசரி, அதாவது பேட்டிங் வாய்ப்புல எத்தன பங்கு ஹிட் ஆச்சுங்கறது, .287, மிஸிஸிப்பில .326, க்வினெட்ல .344. பொதுவா மேல போகப்போக பௌலிங், அதாவது இங்க பிட்சிங், கடினமாகி சராசரி இறங்கத்தான் செய்யும், இவனுக்கு ஏறிக்கிட்டே போச்சு.

2018 ஸ்ப்ரிங் டிரெயினிங்ல, அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்கள்ல, சராசரி .432 அடிச்சும் திரும்ப க்வினெட்டுக்கே அனுப்பிட்டாங்க. 172 நாள் மேஜர் லீக்ல இருந்தா ஒரு முழு சர்வீஸ் வருஷம்னு கணக்கு, அப்படி ஆறு வருஷம் முடிச்சாத்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும், அதாவது இஷ்டப்பட்ட டீமுக்குப் போக முடியும், அதனால சில வாரம் கீழ வச்சிருந்தா டீமுக்கு ஒரு வருஷம் கூட கிடைக்கும். அந்தக் கணக்குதான்னு அன்னைக்கு ஊரே பேசிச்சு. எனக்கு அது அநியாயமாத்தான் பட்டுது, இப்பவும் அப்படித்தான் படுது, 20 வயசுப் பையனோட உழைப்ப காலண்டர் வச்சு அளக்கறது சரியே இல்ல. ஏப்ரல் 25ல சின்சினாட்டில மேஜர் லீக் அறிமுகம், மறுநாளே முதல் ஹோம் ரன். அக்டோபர்ல டாட்ஜர்ஸ் டீமுக்கு எதிரா கிராண்ட் ஸ்லாம், அதாவது மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்போது ஹோம் ரன், சீசன் முடிஞ்சு நடக்கற நாக்அவுட் ஆட்டங்களான போஸ்ட்சீசன்ல அத அடிச்சதுலயே வயசு கம்மியானவன் அவன்தான். அந்த வருஷம் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருது, அடுத்த ஏப்ரல்ல 8 வருஷத்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம். 2021ல முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சு, 2022 ஏப்ரல்ல திரும்பி வந்தப்ப முதல்ல ஆடினது இதே க்வினெட் டீமுக்குத்தான். 2023ல 41 ஹோம் ரன், 73 ஸ்டீல், அதாவது பிட்சர் கவனிக்காதப்ப அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிக்கறது, ஒரே சீசன்ல 40 ஹோம் ரன், 70 ஸ்டீல்னு அதுக்கு முன்னாடி யாருமே பண்ணினதில்ல, ஓட்டுப் போட்ட எல்லாருமே லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபிக்கு அவன் பேரத்தான் எழுதினாங்க.

சரி கிரவுண்டுக்கு வர்றேன். 2009ல திறந்தது, பத்தாயிரம் பேருக்கு கொஞ்சம் மேல உக்காரலாம், எங்க இருந்தாலும் ஆட்டம் கிட்டத்துல தெரியும். குழந்தைங்க இருந்தா புல்மேடுதான் வசதி, எங்க பொண்ணு நாலு வயசுல அங்க உருண்டு விளையாடிக்கிட்டே ஸ்ட்ரைக், பால் எல்லாம் கத்துக்கிட்டா. ஜூலை, ஆகஸ்ட்ல ஜார்ஜியா வெயில் சாயங்காலம் ஏழு மணிக்கும் விடாது, தொப்பி, தண்ணி ரெண்டும் வேணும். சாப்பாடு எந்த பேஸ்பால் கிரவுண்ட்லயும் இருக்கற மாதிரிதான், சைவம்னா ப்ரெட்சல், வேர்க்கடலைன்னு ஓட்டணும், வீட்டுல சாப்ட்டுட்டே கிளம்புங்க. ட்ரிபிள் ஏல 2023லேர்ந்து கம்ப்யூட்டர் ஸ்ட்ரைக் ஸோன் இருக்கு, அதாவது பந்து பேட்ஸ்மேன் அடிக்க வேண்டிய எல்லைக்குள்ள போச்சா இல்லயான்னு கம்ப்யூட்டர் பாக்கும், அம்பயர் சொன்னது தப்புன்னு தோணினா பேட்ஸ்மேன் ஹெல்மெட்ட தட்டுவாரு, பெரிய ஸ்க்ரீன்ல பந்து போன பாதை வரும், மொத்த கூட்டமும் மூச்ச புடிச்சுக்கிட்டு பாக்கும், அது ஒண்ணுக்காகவே போகலாம்.

டிக்கெட்ட டீமோட சொந்த தளத்துலயே வாங்குங்க. ஒரு ரீசேல் ஆப்ல வாங்கி கட்டணம்னு மட்டும் டிக்கெட் விலைல பாதிய எங்கிட்ட புடுங்கிட்டாங்க, பேசியும் திரும்ப வரல.

போறதுக்கு முன்னாடி யாரு ஆடறாங்கன்னு பாத்துக்கோங்க, ஏன்னா நல்ல பசங்க இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க. பிரேவ்ஸோட மைக்கேல் ஹாரிஸ் 2022ல இதுக்குக் கீழ்ப்படியான டபிள் ஏலேர்ந்து நேரா மேஜர் லீக்குக்குப் போயிட்டான், இந்தப் படில கால் வைக்காமயே, அந்த வருஷ ரூக்கி விருதும் அவனுக்குத்தான். செவ்வாயிலேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஒரே டீமோட ஆறு ஆட்டம் நடக்கும், திங்கள் லீவு. கூட்டம் கம்மியா வேணும்னா செவ்வாய், புதன் நல்லது. நாங்க அடுத்த புதன் போறோம், புல்மேடுதான், போர்வைய இப்பவே கார்ல வச்சாச்சு.