மில் சத்தம் தின்ற காதுக்கு ஒரு இசைத்தட்டு செட்: 3 வருட அனுபவம்

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்த ரெக்கார்ட் பிளேயரில் அப்பா ஒருநாள் மத்தியானம் எல்பி ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது தட்டு முடிந்து கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். ஊசி உள்வட்டத்திலேயே 'டக்... டக்...' என்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. தோளைத் தொட்டதும், "அடுத்த பாட்டு ஏன் இன்னும் வரலைன்னு பார்த்துட்டு இருக்கறேன்" என்றார்.

சொந்தமாக ஒரு பிளேயர் வாங்கும்போது தட்டு முடிந்தால் ஊசியைத் தாங்கும் கை தானாக எழுந்து தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். பிளேயர் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையிலும் இது முக்கியமான விஷயமாக இல்லை. காது நன்றாக இருப்பவர்களுக்கு அந்த 'டக் டக்' சத்தமே போதும், எழுந்து போய் எடுத்துவிடுவார்கள்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். வயது 71. கோயம்புத்தூரில் ஒரு மில்லில், தறி ஓடும் பிரிவில், 31 வருடம் ஃபிட்டராக இருந்தவர். நாடா ஓடும் பழைய தறிகள் வரிசையாக ஓடினால் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காலத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு, அதையும் பாதிப் பேர் செய்யவில்லை. ஆடியோகிராம் (எந்த அலைவரிசையில் காது எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தபோது வந்த கோடு, சத்தத்தால் கெட்ட காதுக்குப் பாடப் புத்தகத்தில் போடும் படம் போலவே இருந்தது. வலது காதில் 500 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ சரி, 1000-இல் 30 டெசிபல் குறைவு, 2000-இல் 50, 4000-இல் 75. அங்கே ஒரு பள்ளம் விழுந்து 8000-இல் லேசாக ஏறுகிறது. இடது காது எல்லா இடத்திலும் இன்னும் 10, 15 மோசம்.

பாட்டில் இது எப்படித் தெரியும் என்றால், மிருதங்கத்தின் தொப்பி கேட்கும், வலந்தலையின் கணீர் மங்கிப் போகும். பாடகர் குரல் கேட்கும், வார்த்தையில் ச, ஸ, ஷ எல்லாம் காணாமல் போகும். வயலினின் உடம்பு கேட்கும், வில் உரசும் ஓசை போய்விடும். "பக்கத்து ரூம்ல பாடற மாதிரி இருக்குது அம்மணி" என்பார். சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து அறையில் பாடுகிறவர் உரக்கப் பாடுவார், அவ்வளவுதான்.

2022-இல் வாங்கியது ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ். ஒரு பொத்தானை அமுக்கினால் கை தானாகப் போய் தட்டில் உட்காரும், முடிந்ததும் தானாகத் திரும்பும். ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி ஆக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. எல்பி120எக்ஸ் வாங்கு, ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றலாம், ஊசி தட்டில் அழுந்தும் எடையைச் சரிசெய்யலாம், 78 வேகமும் ஓடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதில் தட்டு முடிந்தால் கையை நாம்தான் தூக்க வேண்டும். அப்பாவின் விஷயத்தில் அந்த ஒரு குறை மற்ற எல்லா நிறைகளையும் அடித்துவிட்டது. இதற்கு நாங்கள் கொடுத்த விலை, தாத்தாவின் 78 தட்டுகள் இன்னும் டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கின்றன. எல்பி60எக்ஸில் 33⅓, 45 இரண்டு வேகம்தான். 78-க்கு வேகம் மட்டும் இருந்தாலும் போதாது, அகலமான வேறு ஊசியும் வேண்டும்.

இனி, காசு போட வேண்டிய இடம். நான் முதலில் செய்த தப்பு, பட்ஜெட்டில் பெரும்பகுதியை ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கியது. உண்மையில் இந்த செட்டின் உயிர், ஒலியை அலைவரிசை வாரியாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு பழைய கிராஃபிக் ஈக்வலைசரில் இருக்கிறது. கல்யாணம், கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் போடுகிற ஒருவர் டிஜிட்டல் மிக்ஸருக்கு மாறியபோது கழித்துப்போட்டது, 3,500 ரூபாய். இடதுக்கு 31 ஸ்லைடர், வலதுக்கு 31 ஸ்லைடர், ஒவ்வொன்றும் 12 டெசிபல் ஏறும், 12 டெசிபல் இறங்கும். ஸ்லைடர்களுக்குக் கீழே 250, 500, 1கே, 2கே, 4கே, 8கே என்று எழுதியிருக்கும் (கே என்றால் ஆயிரம் ஹெர்ட்ஸ்). ஆடியோகிராம் தாளின் மேலேயும் அதே எண்கள்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு காதுக்கும் தனித்தனி வரிசை என்பதுதான் முக்கியம். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் திருகு இரண்டு பக்கத்தையும் சேர்த்தே ஏற்றும். அதோடு அது அதிகமாக வேலை செய்வது அப்பாவுக்கு ஏற்கெனவே பயனில்லாத உச்சப் பகுதியில்.

ஈக்வலைசரை ஒரு பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயரில் டேப் ரெக்கார்டருக்காக வைத்த டேப் மானிட்டர் வழியில் கோத்திருக்கிறோம். ரெக்கார்டிங்குக்கு வெளியே போகிற வழியில் ஈக்வலைசருக்குள் போய், டேப் ப்ளே வழியில் திரும்பி வரும். ஆம்ப்பில் டேப் மானிட்டர் பொத்தானை அமுக்கினால் ஈக்வலைசர் உண்டு, விட்டால் இல்லை. அப்பா முதல் நாள் அந்தப் பொத்தானை முப்பது தடவையாவது அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பார். இந்தப் பொத்தான் இருக்கிற ஆம்ப் கிடைத்தால் விடாதீர்கள். மோனோ பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆடியோகிராமை அப்படியே தலைகீழாக்கி ஸ்லைடரில் போட்டேன். எங்கே பள்ளமோ அங்கே மேடு. நியாயமாகத்தானே தெரிகிறது? அப்பா பத்து நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குது."

காது பரிசோதனை செய்த ஆடியாலஜிஸ்ட்டிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். இரண்டு விஷயம் விளக்கினார். முதலாவது, 50 டெசிபல் குறைவு என்றால் 50-ஐயும் ஏற்றக் கூடாது, ஏறத்தாழ பாதி என்பது பழைய கணக்கு. இந்த மாதிரிக் காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நம்மைப் போலவே, சில நேரம் நம்மைவிடவும் அதிகமாக உறைக்கும். காது மந்தமான பெரியவர் உள்ள வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்: "சத்தமாப் பேசு" என்பார், பேசினால் "ஏன் இப்படிக் கத்தறே" என்பார். இரண்டாவது, பள்ளம் ரொம்ப ஆழமாக இருக்கிற இடத்தில் உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அநேகமாகச் செத்தே போயிருக்கலாம். அங்கே எவ்வளவு ஏற்றினாலும் சுருதி கிடைக்காது, கரகரப்புதான் கிடைக்கும்.

சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈக்வலைசரை அப்பா கையிலேயே கொடுத்தேன். அவருக்கு நன்றாகப் பழகிய ஒரு வயலின் எல்பியைப் போட்டு, எல்லா ஸ்லைடரையும் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். தறியில் நூலிழை அளவு திருகித் திருகிப் பழகிய விரல்கள். ஒரு ஸ்லைடரை ஏற்றி, கேட்டு, பாதி இறக்கி, மறுபடி கேட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்து பார்த்தால் 2கே, 2.5கே, 3.15கே மூன்றும் 8, 9 டெசிபல் மேலே. 4கே வெறும் 4. 6.3கே-க்கு மேல் எல்லாமே அடியோடு கீழே. 200 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஒரு சரிவு. இடது வரிசை இதே வடிவம்தான், கொஞ்சம் தூக்கலாக. நான் போட்ட படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்கக்கூடிய எல்லையை ஒட்டிய பகுதியைத் தூக்கி, கேட்காத பகுதியைக் கைகழுவிவிட்டார்.

உச்சியைக் கைகழுவியதில் இன்னொரு லாபமும் உண்டு. தட்டின் கீறல் சத்தம், ஈக்வலைசரின் 'உஸ்' எல்லாம் அங்கேதான் அதிகம். நான் போட்ட முதல் படத்தில் அப்பா சொன்ன முதல் வார்த்தையே "மழை பெய்யுதா?" என்பதுதான். பல வருடமாக அவர் காதுக்கு வராத தட்டுச் சத்தம் அன்றைக்குத் திரும்ப வந்திருந்தது. அதற்கப்புறம் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தோம். டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், மெல்லிய துணி, லேபிள் நனையாமல் வட்டமாகத் துடைத்து நிழலில் நிறுத்தி வைப்பது. வெள்ளையாகப் பூத்திருந்த பூஞ்சை பெரும்பாலும் போய்விட்டது. காது மந்தமானவருக்குத் தட்டு எப்படி இருந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். மேல் அலைவரிசையைத் தூக்கும்போது அழுக்கும் சேர்ந்தே எழும்.

ஹெட்ஃபோன் கதைக்கு வருகிறேன். முதலில் வாங்கியது ஒரு மூடிய வகை. ஹியரிங் எய்டு மாட்டியபடி அதை வைத்தால் 'கீ' என்று விசில். காதுக்குப் பின்னால் இருக்கும் மைக், மூடிய கிண்ணத்துக்குள் தன் சத்தத்தையே திரும்பக் கேட்டுக் கத்துகிறது. ஒரு வாரத்தில் அது என் தம்பிக்குப் போய்விட்டது. அப்புறம் வாங்கியது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் (மின்தடை அளவு), திறந்த வகை. இதன் மேல் சத்தம் கூர்மை, காதைக் குத்துகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அதுதானே வேண்டும் என்று வாங்கினேன். பாதிதான் பலித்தது. அந்தக் கூர்மை இருக்கிற இடம் அப்பாவின் காது கைவிட்ட இடம். ஆனால் வேறு காரணங்களுக்காக இது நிலைத்துவிட்டது: கிண்ணம் பெரியது, எய்டோடு வைத்தாலும் விசில் இல்லை, வெல்வெட் மாதிரியான துணி மெத்தை என்பதால் மே மாதத்திலும் காது வேர்ப்பதில்லை, வயர் ஒரு பக்கம் மட்டுமே. பழைய ஆம்ப்பின் ஹெட்ஃபோன் துளையில் உள்ளே பெரிய ரெசிஸ்டர் இருக்கும். அதற்கு இப்படி ஓம் அதிகமுள்ள ஹெட்ஃபோன்தான் ஒத்துப்போகும். திறந்த வகை என்பதால் வெளியே கசியும். "தெருவுக்கே கச்சேரி" என்று அம்மா சொல்வதில் மிகை கொஞ்சம்தான்.

எய்டோடு கேட்பதா, கழற்றிவிட்டா? ஆறு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பேச்சுக்காகச் செய்த கருவி அது. வயலின், புல்லாங்குழல் மாதிரி நீண்டு நிற்கும் ஒலியை விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், சுருதி நடுங்கும். ஆடியாலஜிஸ்ட் இசைக்கென்று தனி ப்ரோக்ராம் ஒன்று போட்டுக் கொடுத்தார், அதில் இரைச்சல் குறைப்பையும் விசில் அடக்குவதையும் தளர்த்தியிருக்கிறது. நிறைய முன்னேற்றம். ஆனாலும் அப்பா இப்போது எய்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு ஈக்வலைசரோடுதான் கேட்கிறார். இதில் ஒரு தொல்லை: வாசல் மணி, போன், அம்மா கூப்பிடுவது எதுவும் கேட்காது. நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.

மோனோ பொத்தானைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு கச்சேரி எல்பியைக் கேட்டுவிட்டு, "வயலின்காரர் இன்னைக்கு லீவா?" என்றார். ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்தால் வயலின் முழுக்க இடது பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் அனுப்பும் மோனோவை அமுக்கினேன். முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு காது மோசமாக இருப்பவருக்கு ஸ்டீரியோ என்பது பாதிக் கச்சேரியைப் பறிக்கிற ஏற்பாடு. இப்போது அந்தப் பொத்தான் அமுங்கியே கிடக்கிறது.

சத்தத்தின் அளவு பற்றி எனக்குப் பயம் இருந்தது, இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அப்பா வாரத்துக்குப் பத்து மணி நேரம் கேட்கிறார், கணக்குப்படி 86 வரை போகலாம். ஆனால் ஏற்கெனவே கெட்ட காதுக்கு இந்தக் கணக்கில் சலுகை எதுவும் கிடையாது. அதனால் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு ஓர் அளவு வைத்து, வால்யூம் திருகின் எல்லையில் என் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தேன். அதைத் தாண்டுவதில்லை என்று அப்பா சொல்கிறார்.

3 வருடத்தில் ஆன செலவு: ஊசி ஒரு தடவை மாற்றினோம், காது மெத்தை ஒரு ஜோடி. ஈக்வலைசரின் இரண்டு ஸ்லைடர் கரகரத்தன, காண்டாக்ட் கிளீனர் அடித்ததும் சரியானது.

இதற்கு எல்பிதான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். போனிலேயே ஆடியோகிராமை ஏற்றி ஒலியைச் சரிசெய்யும் வசதி இப்போது வந்துவிட்டது, அது சுலபம், மலிவு. நானும் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். புதிய பாட்டு எது வந்தாலும் "ஒண்ணும் புடிபடலை" என்று வைத்துவிட்டார். இந்தத் தட்டுகள் அவர் நாற்பது வருடமாகக் கேட்டவை. காது விட்டதை ஞாபகம் நிரப்பிக்கொள்கிறது, உறையைக் கையில் வைத்து வரிசையைப் பார்த்துக்கொண்டால் அடுத்து என்ன வரும் என்று தெரிகிறது. அதோடு, எல்பியில் மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள தூரம் குறைவு. நல்ல தட்டிலேயே 60, 70 டெசிபல்தான், சிடியில் 96. ஆடியோ பிரியர்கள் குறையென்று சொல்லும் இது, கேட்கும் எல்லை குறுகிப்போன காதுக்குத் தோதாக இருக்கிறது.

போன மாதம் தூசி தட்டும்போது கவனித்தேன், வலது வரிசையில் 2கே ஸ்லைடர் நான் பென்சிலால் குறித்து வைத்த கோட்டுக்கு மேலே நின்றது. அப்பாவிடம் கேட்டேன். "வில் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு, நான்தான் இழுத்துட்டு வந்தேன்" என்றார். மறுவாரம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வலது காதில் 2000 ஹெர்ட்ஸ், 50 இருந்தது 55 ஆகியிருக்கிறது. பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிய கோடு போட்டிருக்கிறேன்.