புனித பூமி டூர்: நோட்டீஸில் தேதி இருக்கும், கிழமை இருக்காது

இஸ்ரேல் டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் காலண்டரை ஒருதரம் புரட்டிவிடுங்கள். நான் புரட்டவில்லை.

2019 நவம்பரில், செமஸ்டர் லீவில், ஆச்சிக்குத் துணையாகப் போனேன். பாளையங்கோட்டையிலிருந்து 44 பேர். ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து, பத்து நாள், ஆளுக்கு 92,000 ரூபாய். ஆச்சி சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. ஜோர்டான் தலைநகர் அம்மானில் இறங்கியதும் டிரைவர், கைடு டிப்ஸ் என்று தலைக்கு 70 டாலர் தனியாக வாங்கினார்கள். நோட்டீஸில் அது கிடையாது.

ஜோர்டான் எல்லையில், ஷேக் ஹுசைன் பாலத்தில் இஸ்ரேலுக்குள் நுழையும்போது என்னை மட்டும் ஒதுக்கி ஒரு மணி நேரம் விசாரணை. குழு விசாவில் வருகிற வயசுப் பையன்கள் சிலர் வேலை தேடி நழுவிவிடுவது உண்டு, அந்தச் சந்தேகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் டூர் லீடர் என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஒருத்தன் காணாமப் போனா எனக்குல்லா தம்பி அபராதம்!"

அதன் வினை ராத்திரிதான் புரிந்தது. 'ஜெருசலேம் ஹோட்டல்' என்று போட்டிருந்தது பெத்லகேமில் இருந்தது. நடுவே பத்து கிலோமீட்டர்தான். ஆனால் பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதி, இடையில் இஸ்ரேலின் சுவரும் சோதனைச் சாவடியும் உண்டு. பாஸ்போர்ட் இல்லாமல் தாண்ட முடியாது. மூன்று சாயங்காலமும் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இனி கிழமைக் கதை. ஜெருசலேமுக்கு ஒதுக்கிய நாட்கள் வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளியும் சனியும் அல்-அக்ஸா மசூதி வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடமாட்டார்கள். அதனுள் இருக்கும் பொன் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான யாத் வஷேம் நினைவகம் பூட்டு. நான் படிப்பது வரலாறு. அது ஒன்றுக்காகவே குறிப்பேடு கொண்டுபோயிருந்தேன்.

ஞாயிறு காலை அல்-அக்ஸா வளாகம் திறந்திருக்கும். அந்தக் காலையில் நாங்கள் எங்கே? பெத்லகேமில் ஒலிவமரச் சாமான் கடையில், இரண்டு மணி நேரம்! அந்தக் கடைக்கு மட்டும் எந்த மதத்து லீவும் இல்லை. ஆச்சி 60 டாலருக்கு ஒரு மாட்டுக்கொட்டில் குடில் வாங்கினாள். அதே அளவுக் குடில் நாலு கடை தள்ளி 25 டாலர். டூர் லீடர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் நான் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் ஜெருசலேமின் ஒலிவமலை. அங்கே பாட்டர் நோஸ்டர் ஆலயத்தில், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் ஏகப்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறது, தமிழும் உண்டு. விமானத்தில் ஏறியதிலிருந்து அதையே சொல்லி ஆச்சிக்கு ஆசை மூட்டியிருந்தேன். முட்டிவலியோடு மேடு ஏறி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. ஞாயிறு விடுமுறை. ஆச்சி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "உள்ளதான் இருக்குன்னு சொன்னியா லே?" என்றாள். அப்புறம் அங்கேயே நின்று ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்தாள்.

ஊர் திரும்பி ஏஜென்டிடம் சண்டை போட்டேன். "நோட்டீஸ்ல ஒலிவமலைன்னுதான போட்டிருக்கு? மலைக்குப் போனீங்கள்லா?" என்றார். பணம் திரும்பவில்லை.

அப்புறம் ஒருநாள் சபை வாசலில் அவர்களுடைய அடுத்த குழுவின் நோட்டீஸ் கொடுத்தார்கள். வாங்கி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜெருசலேம்: வெள்ளி, சனி, ஞாயிறு.