நெப்ராஸ்காவின் பொற்காலம்: முதலில் பார்க்க வேண்டியது 1971-ஆ, 1995-ஆ?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் பழம்பெருமை பேசுவோர் இரண்டு ஆட்டங்களில்தான் வந்து நிற்பார்கள்.

பதற்றம்:
1971 – ஓக்லஹோமாவுடன் 35-31 என வெற்றி. எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து ஜானி ராட்ஜர்ஸ் ஓடிய 72 கெஜ ஓட்டத்தில் (பண்ட் ரிட்டர்ன்) தொடக்கம். ஜெஃப் கின்னியின் வெற்றி டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்து பெறும் புள்ளிகள்) 1:38 நிமிடம் மீதமிருக்கையில்.
1995 சீசன் – சீசன் முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் ஃபுளோரிடாவுடன் 62-24 என வெற்றி. முதல் கால்பகுதியில் 6-10 எனப் பின்தங்கி, அடுத்ததில் மட்டும் 29 புள்ளி. பாதியிலேயே கதை முடிந்தது.

ஓட்டம்:
1971 – கின்னி 170 கெஜத்துக்கும் மேல்.
1995 – அணியே 524 கெஜம்! டாமி ஃப்ரேசியரின் 75 கெஜ ஓட்டத்தில் அவரை மடக்கி வீழ்த்தும் முயற்சிகள் (டாக்கிள்கள்) வரிசையாக உதிர்வதைப் பாருங்கள்.

பயிற்சியாளர்: அன்று டெவானி, பின்பு ஆஸ்போர்ன்.

இழுபறி பிடித்தவர்களுக்கு 1971. ஆப்ஷன் ஆட்டம் (பந்தைத் தானே கொண்டு ஓடுவதா, மற்றவரிடம் தருவதா என்று ஓட்டத்தின் நடுவே முடிவெடுக்கும் முறை) படிப்பவர்களுக்கு 1995. அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.