சுவரில் துளை போடுமுன்: ஸ்டட் ஃபைண்டரா, காந்தமா, வால் ஸ்கேனரா?

யூடியூபில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "ஸ்டட் ஃபைண்டர் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் ஓசூர் பக்கம் கூடிவிட்டார்கள். காசு போடுமுன் உங்கள் சுவரைப் பாருங்கள். அமெரிக்க வீடுகளில் சுவருக்குள் ஸ்டட் எனப்படும் மரச் சட்டங்களைப் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே ஜிப்சம் போர்டு அடித்திருப்பார்கள். கனமான அலமாரியைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும் என்பதால், அது இருக்கும் இடத்தைக் காட்ட வந்த கருவி இது. தருமபுரியில் ஒன்பது இன்ச் செங்கல் சுவர் வைத்திருப்பவருக்குத் தேட சட்டமே கிடையாது. செங்கலில் துளை விழுந்தால் ஸ்குரூவுக்காகச் செருகும் பிளாஸ்டிக் பிளக் கெட்டியாகப் பிடிக்கும், சாந்து இணைப்பில் விழுந்தால் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். நமக்குப் பயம் எல்லாம் உள்ளே போகும் வயர், தண்ணீர் பைப், கான்கிரீட் கம்பி ஆகியவற்றின் மேல்தான்.

விலை குறைந்த ஸ்டட் ஃபைண்டர், மெல்லிய போர்டுக்குப் பின்னால் பொருள் மாறுவதை மின்புலத்தின் மாற்றத்தை வைத்து உணர்கிறது. முதலில் சட்டம் இல்லாத இடத்தில் வைத்துப் பட்டனை அழுத்தி அதற்குச் சுவரைப் பழக்க வேண்டும்; சட்டத்தின் மேலேயே வைத்துப் பழக்கினால் தப்பாகத்தான் காட்டும். பூசிய செங்கல் சுவரிலோ பூச்சின் கனம் இடத்துக்கு இடம் மாறும், மழைக்காலத்தில் ஈரமும் சேரும். கண்ட இடத்தில் எல்லாம் கத்தும். நம் ஊர்ச் சுவருக்கு அது தண்டச் செலவு.

ஓசூர் அப்பார்ட்மென்ட்களிலும் ஆபீஸ்களிலும் ஜிப்சம் தடுப்பு இருக்கிறதே என்றால், சரி, அங்கே வேலைக்கு ஆகும். ஆனால் அங்கேயும் நான் கை நீட்டுவது காந்தத்துக்குத்தான். உள்ளே இருப்பது ஜிஐ சேனல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம், வழக்கமாக இரண்டடிக்கு ஒன்று. போர்டைச் சேனலோடு இறுக்கிய ஸ்குரூ தலைகள் பட்டிக்கும் பெயின்டுக்கும் அடியில் வரிசையாக இருக்கும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றிச் சுவரில் மெல்ல இழுத்தால், ஸ்குரூ வந்த இடத்தில் வெடுக்கென்று பிடிக்கும். அங்கே பென்சில் புள்ளி வைத்து, நேர் மேலேயும் கீழேயும் நகர்த்துங்கள். அடுத்தடுத்த ஸ்குரூவும் அதே கோட்டில் சிக்கினால் அதுதான் சேனல். செலவு பூஜ்யம், பேட்டரியும் வேண்டாம். போன் ஆப்களும் காந்தப்புலத்தைத்தான் அளக்கின்றன. இரும்பு மிக அருகில் இருந்தால் மட்டும் முள் ஆடும். விளையாடிப் பார்க்கலாம்.

வால் ஸ்கேனர் வேறு ரகம், சுவருக்குள் இருக்கும் உலோகத்தையும் வயரையும் தேடும் கருவி. பாஷ் ஜிஎம்எஸ் 120 என்ற மாடலை எடுத்துக்கொண்டால், இரும்பை 120 மி.மீ. ஆழம் வரையும், செம்பை 80, மின்சாரம் உள்ள வயரை 50, மரத்தை 38 மி.மீ. வரையும் காட்டும் என்கிறார்கள்; சுவரைப் பொறுத்து இது குறையலாம். இது கைகொடுக்கும் இடம் ஜன்னலுக்கு மேலே. திரைச்சீலை ராடு மாட்டப் போனால் அங்கே இருப்பது செங்கல் அல்ல, லிண்டல், அதாவது உள்ளே கம்பி வைத்துப் போட்ட கான்கிரீட் உத்தரம். டிரில் பிட் கம்பியில் முட்டினால் நகராது, முனை மழுங்கும். மெட்டல் மோடில் வைத்து ஒரு முறை ஓட்டினால் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை தள்ளித் துளை போட்டுவிடலாம்.

ஆனால் பாத்ரூமில் கீசர் மாட்ட இதை நம்பாதீர்கள். சிபிவிசி பைப் பிளாஸ்டிக். இந்த ரக ஸ்கேனருக்கு அது தெரியாது. ரேடார் வகைக் கருவிகள் தண்ணீர் நிறைந்த பைப்பைக் காட்டும், ஆனால் ஒரு கீசருக்காக அத்தனை பணம் போடுவது அதிகம். இங்கே எல்லாக் கருவியையும் தோற்கடிப்பது பூச்சு வேலைக்கு முன் எடுத்த போட்டோ. இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், டேப்பை விரித்துச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நாளெல்லாம் டிரில் பிடிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மாடுலர் கிச்சன் போடுபவருக்கும் ஸ்கேனர் காசுக்குத் தகும். வருஷத்துக்கு நாலு ஆணி அடிப்பவர் அவர்களில் ஒருவரிடம் ஸ்கேனரை அரை மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

ஸ்கேனர் வயரை வயர் என்று அடையாளம் காட்ட அதில் மின்சாரம் இருக்க வேண்டும். எனவே தேடும்போது மெயினை அணைக்காதீர்கள். அந்த ரூம் லைட், ஃபேன் எல்லாம் ஓடட்டும். குறி போட்டபின் அந்த ரூமுக்கான எம்சிபி சுவிட்சை (மெயின் பாக்ஸில் இருப்பது) இறக்கிவிட்டு, டிரில்லுக்குப் பக்கத்து ரூமிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்ளுங்கள்.