டீச்சர் பேரில் 36 லட்சம்: வருமான வரித் துறையின் ஏஐஎஸ் எப்படி இருக்கிறது?

ஆண்டுத் தகவல் அறிக்கை என்று பெயர் இருந்தாலும் எல்லோரும் சொல்வது ஏஐஎஸ்தான். வருமான வரி இணையதளத்தில் லாகின் செய்து அதை அழுத்தினால் தனி ஜன்னலில் திறக்கும். உங்கள் பான் எண்ணை வைத்து வங்கி, கம்பெனி, பத்திரப் பதிவு அலுவலகம் எல்லாம் துறைக்கு என்ன சொல்லியிருக்கின்றன என்பது மொத்தமும் அதில் இருக்கும். சேமிப்புக் கணக்கில் 43 ரூபாய் வட்டி வந்திருந்தால் அதுவும் இருக்கும். பிடிஎஃபாக இறக்கினால் பாஸ்வேர்டு கேட்கும்: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, பிறந்த தேதியை இடைவெளி இல்லாமல் சேர்த்தால் போதும்.

கும்பகோணத்தில் இருபது வருடமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். துறை தந்த வசதிகளில் எனக்கு அதிகம் உதவியது இதுதான். முன்பெல்லாம் 26ஏஎஸ் படிவத்தில் பிடித்தம் செய்த வரி தெரியும், மற்றதற்கு வாடிக்கையாளரின் ஞாபகசக்திதான் கதி. 2021 ஜூன் 7 அன்று புதிய இணையதளம் வந்தபோது பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் கம்பெனியின் தலைமை அதிகாரியை நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது, அந்த வருடம் ரிட்டர்ன் போடும் கெடு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அதே வருடம் நவம்பரில் ஏஐஎஸ் வந்தது.

சரி, குறைக்கு வருகிறேன்.

போன ஜூன் கடைசியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் கைபேசியோடு வந்தார். பேரன் ஏஐஎஸ் செயலியை இறக்கிக் கொடுத்திருக்கிறான். "தம்பி, 36 லட்சத்துக்கு நிலம் வித்தேன்னு எம் பேர்ல இருக்கு. எனக்கு வந்தது 12 லட்சம்தானே?" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "உட்காருங்க டீச்சர், தண்ணி குடிங்க, பார்ப்போம்" என்றேன்.

அவருடைய அப்பா நிலம். டீச்சரும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து விற்றது, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 30 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்தைப் பதிவு அலுவலகம் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே பதிந்த அலுவலகம் பங்கைப் பிரிக்காமல், மூன்று பேருடைய பான் எண்ணிலும் முழு 36 லட்சத்தை ஏற்றிவிட்டது. ஒரே நிலம், ஏஐஎஸ் கணக்கில் 1 கோடியே 8 லட்சம்.

இதோடு முடியவில்லை. அந்த 12 லட்சத்துக்கும் வரி கிடையாது. இந்த விற்பனைக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டம் பிரிவு 2(14)இன்படி கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே, அதாவது விற்ற லாபத்துக்கு வரி போடும் சொத்தே, ஆகாது. மக்கள்தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள நகரம் என்றால் அதன் எல்லையிலிருந்து வான்வழியாக 6 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். கும்பகோணம் 2011 கணக்கெடுப்பிலேயே 1 லட்சத்தைத் தாண்டியது. டீச்சர் நிலம் 11 கிலோமீட்டரில் இருக்கிறது. பக்கத்துப் பேரூராட்சியிலிருந்தும் 2 கிலோமீட்டருக்கு அப்பால். விஏஓ சான்றும் அடங்கல் நகலும் வாங்கி வைத்தோம். இந்த விவரம் எதுவும் ஏஐஎஸ்ஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பத்திரமும் ஒரு தொகையும்தான்.

திருத்த வழி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தச் சேவையை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே கருத்துச் சொல்ல இடம் உண்டு: தகவல் சரி, முழுமையாகச் சரியில்லை, வேறு பான் அல்லது வேறு ஆண்டைச் சேர்ந்தது, இரண்டு முறை வந்திருக்கிறது, மறுக்கிறேன், இப்படி. டீச்சருக்கு "முழுமையாகச் சரியில்லை" என்று தேர்ந்தெடுத்து 12 லட்சம் என்று பதிந்தோம். துறை அதைத் தகவல் கொடுத்தவரிடமே அனுப்பிக் கேட்கும். 2024 மே மாதத்திலிருந்து அந்தக் கேள்வி எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாமே பார்க்கலாம். அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்.

ஆனால் தப்பாகத் தகவல் கொடுத்தவர் பதில் சொல்லாமல் இருந்தால் சிரமம் அவருக்கு இல்லை, டீச்சருக்குத்தான். எழுபத்து நாலு வயதில், செய்யாத தப்புக்கு அவர் ஏன் சான்று தேடி அலைய வேண்டும்? பதில் சொல்ல ஒரு கெடு வைத்து, தாண்டினால் வரி கட்டுபவர் சொன்னதை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஏப்ரலிலேயே ஏஐஎஸ்ஸைப் பார்த்து ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். வங்கிகளும் மற்றவர்களும் தகவல் கொடுக்கக் கெடு மே 31, அதனால் ஜூன் பாதிக்கு மேல்தான் படம் முழுதாகத் தெரியும். அப்புறம், கம்பெனிப் பங்கு (ஷேர்) விற்றவர்கள் அதில் வரும் வாங்கிய விலையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், முக்கியமாக அப்பா அம்மாவிடமிருந்து வந்த பங்கு என்றால்.

டீச்சருடைய தம்பிகள் இருவருக்கும் அதே கருத்தைப் பதிந்து, மூன்று ஒப்புகையையும் பத்திர நகலோடு ஒரே ஃபைலில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதிவு அலுவலகத்தின் பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை தோறும் காலையில் லாகின் செய்து பார்க்கிறேன்.