தவிடு என்ற பெயரில் உமித்தூள்: மாடு வைத்திருப்போர் கவனத்திற்கு

தவிடு, புண்ணாக்கு, பொட்டு (பருப்புத் தோல்) ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே தீவனம் கலந்து கொள்ளும் கறவை மாட்டுக்காரர்கள், அடுத்த மூட்டைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வாசலிலேயே இறக்கித் தரும் தீவன வியாபாரி ஒருவரிடம் பச்சைத் தவிட்டுக்கான, அதாவது எண்ணெய் எடுக்காத தவிட்டுக்கான விலையைக் கொடுத்து நான் வாங்கிய சரக்கு, அரைத்த உமியும் எண்ணெய் எடுத்த தவிடும் கலந்த கலவை என்பது ஆய்வக அறிக்கை வந்த பிறகு உறுதியாயிற்று.

முதலில் வந்த லோடில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தடுத்து வந்தவற்றில்தான் சரக்கு மாறியது. தவிடு கலந்த தண்ணீரை மாடுகள் குடித்து முடித்த பின் தாழியின் அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு தங்கத் தொடங்கியது. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் மணலைப் போல நறநறத்தது. பாலின் அளவு குறைந்ததோடு, பால் சங்கத்தில் அளந்தபோது கொழுப்பும் கொழுப்பல்லாத இதரச் சத்தும் இறங்கியதால் லிட்டருக்குக் கிடைக்கும் விலையும் குறைந்தது. வெயில் காலம் என்பதால் அப்படியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் எனக்கு ஐயத்தை உண்டாக்கியது வேறொன்று: மூட்டைகள் வாரக்கணக்கில் கிடந்தும் தவிட்டில் சிக்கு வாடையே வரவில்லை. அரிசியைத் தீட்டியவுடனேயே தவிட்டிலுள்ள நொதி அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஆகவே உண்மையான பச்சைத் தவிடு, அதுவும் கோடையில், நெடுநாள் வாடையின்றி இருக்காது. கெடாத தவிடு நல்ல தவிடு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கெடுவதற்கு அதில் எண்ணெயே இல்லாதிருக்கலாம்.

இந்த மோசடி ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதை ஆலைக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம். 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி வரும். தவிடோ 5 முதல் 8 கிலோதான் வரும். உமி பெரும்பாலும் கொதிகலனுக்கும் செங்கல் சூளைக்கும் எரிபொருளாகப் போகிற மலிவான பொருள். அதை நைசாக அரைத்துவிட்டால் நிறத்தில் தவிட்டோடு ஒத்துப்போகும். சத்திலோ இரண்டுக்கும் தொடர்பே இல்லை. நல்ல தவிட்டில் புரதம் 12 முதல் 14 விழுக்காடும் எண்ணெய் 12 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். உமியில் புரதம் 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், நார் மட்டும் 40 விழுக்காடு அளவில் இருக்கும். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். மாட்டின் வயிறு வைக்கோலைச் செரிக்கும், சிலிக்காவைச் செரிக்காது. எண்ணெய் எடுத்த தவிடு அப்படியன்று. அதில் எண்ணெய் 1 விழுக்காடு அளவுக்குக் குறைந்தாலும் புரதம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதன் பெயரைச் சொல்லி அதன் விலைக்கு விற்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்திற்குத் தவிட்டோடு அதே வியாபாரியிடம் வாங்கிய கடலைப் புண்ணாக்குத் தூளையும் அனுப்பியிருந்தேன். தவிட்டில் நாரும் அமிலத்தில் கரையாத சாம்பலும் (மணலும் சிலிக்காவும் எவ்வளவு என்று காட்டுவது) எக்கச்சக்கமாக இருந்தன. எண்ணெய் பெயருக்குத்தான் இருந்தது. புண்ணாக்குத் தூளில் புரதம் சரியாகவே காட்டியது, ஆனால் யூரியா இருப்பதாகவும் அறிக்கை சொன்னது. இது கொஞ்சம் விளக்கப்பட வேண்டிய விஷயம். வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்குகிறது. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு இருப்பதால், 100 கிலோ தூளில் 1 கிலோ யூரியாவைக் கலந்தாலே தாளில் புரதம் ஏறக்குறைய 3 விழுக்காடு உயர்ந்துவிடும். ஆகையால் விற்பவர் புரத அளவு அச்சிட்ட அட்டையைக் காட்டினால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். யூரியாச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய மாடு ஓரளவு யூரியாவைத் தாங்கும். அசைபோடும் வயிறு முழுதாக வளராத கன்றுக்கு யூரியா கலந்த தீவனம் கூடாது. எங்கள் கன்றுகளுக்கு அந்தத் தூளை வைக்காமலிருந்தது தற்செயல்தான்.

அறிக்கையைக் காட்டியபோது அந்த வியாபாரி, "மாட்டுக்குப் போடறதுதானுங்களே, அதுக்குப் போய் லேப்புக்கெல்லாம் அனுப்புவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அரிசி வாங்குகிறவரிடம் இப்படிக் கேட்க அவருக்குத் துணிவு வந்திருக்காது. மிச்சமிருந்த மூட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள இசைந்தார். தீர்ந்துபோன சரக்குக்குப் பணம் தர மறுத்தார். அவர் கொடுத்திருந்த துண்டுச் சீட்டில் 'தீவனம்' என்று மட்டுமே எழுதியிருந்தது. தவிடு என்ற சொல்லும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. அது மறதியால் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஒரு கைப்பிடி தவிட்டை இறுக்கிப் பிடித்தால், எண்ணெய் உள்ள தவிடு கொழுக்கட்டை போலப் பிடிபட்டு நிற்கும். உமியும் எண்ணெய் எடுத்த தவிடும் உதிர்ந்துவிடும். தண்ணீர் தெளித்தும் பிடிபடச் செய்வார்கள் என்பதால் கையில் ஈரம் தட்டுகிறதா, எண்ணெய்ப் பிசுக்குத் தட்டுகிறதா என்று பாருங்கள். ஈரத் தவிடு எடையையும் கூட்டும், பூஞ்சணத்தையும் கொண்டுவரும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் இறங்கும், பெருவெட்டான உமி மேலே மிதக்கும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருந்தால் வினிகர் விட்டதும் நுரைக்கும். யூரியாவுக்கு, புண்ணாக்குத் தூளோடு வறுக்காத சோயா மாவைச் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் குழைத்து மூடி வையுங்கள். சற்று நேரத்தில் அம்மோனியா நெடி அடித்தால் கலப்படம்தான். நைசாக அரைத்த உமிக்கு மட்டும் ஆய்வகம்தான் வழி. அங்கே புளோரோகுளூசினால் என்ற வேதிப்பொருளையும் அமிலத்தையும் விட்டால் உமியிலுள்ள லிக்னின் (மரத்தன்மை தரும் பொருள்) சிவந்துவிடும்.

மூட்டையின் வாயைப் பிரித்து மேலே உள்ளதை அள்ளிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குத்தூசியால் நடுவிலும் அடியிலும் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். பச்சைத் தவிடா, எண்ணெய் எடுத்ததா என்பது பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக மாடு வளர்ப்பவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நுகர்வோராகவே கருதப்படுவதால், மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அதற்குத் தேவைப்படுவது அந்தப் பில்லும், சாட்சி முன்னிலையில் எடுத்து முத்திரையிட்ட மாதிரியும். என்னிடம் இரண்டாவது மட்டும் இருப்பதால் நான் முறையிடவில்லை. அந்த வியாபாரி இப்போது பக்கத்து ஊர்களில் சந்தை விலையைவிட மூட்டைக்குச் சற்றுக் குறைத்து விற்கிறார் என்று கேள்விப்படுகிறேன்.